குற்றாலக் கணக்கும் காஞ்சி ஆறும்



வருகிற குளிர்காலச் சுற்றுலாவுக்கு ராஞ்சிப் பக்கத்து அருவிகளுக்குப் போகலாமா என்று நம் செயற்குழு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டிருக்கிறது. போன கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "அருவிக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவது ஆபத்து. பேசாமல் வழக்கம்போல் திகாவுக்கே போவோம்" என்பது ஒரு கட்சி. "அருவியில் ஆசைதீரக் குளித்து எத்தனை வருஷமாயிற்று! கட்டாயம் போவோம்" என்பது மற்றொரு கட்சி. காப்பி ஆறிப்போகும் வரை வாதம் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது அதிசயமாக இருந்திருக்கும். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் தென்காசிக்காரன். 1978-ல் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தவன், காளிகாட்டை விட்டு வேறு எங்கும் போகவில்லை. லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப்பொடியும் கிடைத்தால் போதும், எந்த ஊரும் நம் ஊர்தான் என்று சொல்லிக்கொள்கிற ரகம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் ஊரை விட்டு வரவில்லை. அருவி என்றால் எனக்குக் குற்றாலம்தான்.

ஆனி மாதம் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிடுவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பேரருவியில் போய் நின்றால், முதுகில் யாரோ நூறு கைகளால் தட்டுவதுபோல் இருக்கும். பிறகு ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்று. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தால் பானை காலியாகும். இந்தக் கதையை என் பேரனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவன் பிறந்ததும் வளர்வதும் கல்கத்தாவில். வயது பதினொன்று. தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். "தாத்தா, அந்த அருவிக் கதை" என்று அவன் தமிழில் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சென்ற டிசம்பரில், பள்ளி விடுமுறைக்கு, மகளும் மாப்பிள்ளையும் எங்களை ராஞ்சிக்கு அழைத்துப் போனார்கள். ஹவுராவில் இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் ராஞ்சி. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஊர். சோட்டா நாக்பூர் பீடபூமியின் மேல்தட்டு அது. அங்கே புறப்படும் ஆறுகள் அந்தத் தட்டின் விளிம்புக்கு வந்ததும் காட்டுப் பள்ளத்தாக்குகளில் குதிக்கின்றன. அதனால்தான் ராஞ்சியைச் சுற்றி இத்தனை அருவிகள். ஹுண்ட்ரு, ஜோன்ஹா, தசம் மூன்றும் கல்கத்தாக்காரர்களுக்குப் பழகிய பெயர்கள்.

முதல் நாள் ஹுண்ட்ரு பார்த்தோம். சுவர்ணரேகா ஆறு 320 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம். அடிவாரம் வரை போக எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியதை ஏறவும் வேண்டும். என் வீட்டம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே கேதல்சுட் அணையில் தண்ணீரைத் தேக்கி, சிகிதிரி மின் நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். 130 மெகாவாட் மின்சாரம் எடுக்கக்கூடிய நிலையம் அது. ஆகவே மழைக்காலம் போன பிறகு அருவி மெலிந்துவிடுகிறது. கருத்த பாறையில் வெள்ளை நூல் இழுத்தாற்போல் தண்ணீர் இறங்கியது. "இவ்வளவுதானா தாத்தா?" என்றான் பேரன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "குற்றாலம் வேறேடா!" என்றேன்.

மறுநாள் தசம். ராஞ்சியிலிருந்து டாட்டா நகர் போகிற சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர், தைமாரா என்ற கிராமத்தின் பக்கம். அங்கே குதிக்கும் ஆற்றின் பெயர் என்ன தெரியுமா? காஞ்சி! பெயர்ப் பலகையைப் படித்ததும் என் வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம் காஞ்சிக்கும் அந்த ஆற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெளியூரில் இருக்கிற நமக்கு ஒரு பெயர் போதுமே, உறவு கொண்டாட! அந்தப் பெயரைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அது என் சொந்த ஆறு ஆகிவிட்டது.

ஹுண்ட்ரு அளவுக்கு உயரம் இல்லை. நூற்றைம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அழகு அதிகம். சுற்றிலும் காடு. மேலே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பாறையும் பச்சையும்தான். முண்டா பழங்குடி மக்களின் நாடு அது. வெள்ளைக்காரனை எதிர்த்து 1899-1900-ல் போராடிய பிர்சா முண்டா பிறந்த உலிஹாத்துவும் அந்த வட்டாரம்தான். முண்டாரி மொழியில் 'தா' என்றால் தண்ணீர். அருவியின் பெயரிலேயே அவர்களுடைய தண்ணீர் இருக்கிறது என்று வண்டி ஓட்டி வந்தவர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனத்தில் வாங்கவில்லை.

கீழே இறங்கினோம். அருவியின் அடியில் ஒரு மடு. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் கசம். கரும்பச்சை நிறத்தில் அசையாமல் கிடந்தது. குளிர்காலம் என்பதால் அருவியில் வேகமில்லை. கூட்டமும் குறைவு. நான் பையைத் திறந்து, காளிகாட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோயிருந்த நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். சிரிக்காதீர்கள். மகள் "வேண்டாம்பா" என்றாள். மாப்பிள்ளை மரியாதைக்குப் பேசாமல் இருந்தார். "அருவிக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா? நான் அருவியிலேயே வளர்ந்தவன்" என்று சொல்லிப் பேரனின் சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

அப்போது விசில் சத்தம். உள்ளூர் இளைஞன் ஒருவன் பாறைகளைத் தாண்டி ஓடி வந்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அங்குள்ள அருவிகளில் கிராமத்து இளைஞர்களையே 'பர்யடன் மித்ரா' என்ற பெயரில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் துணையாக நிறுத்தியிருக்கிறார்கள். "சாச்சாஜி, பானி மே மத் ஜாயியே" என்றான். தண்ணீரில் இறங்காதீர்கள் என்று கும்பிட்டுத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வயதென்ன, இவன் வயதென்ன! எனக்குத் தெரிந்த இந்தியில் குற்றாலப் பிரதாபத்தை எடுத்துவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த கிளையை எடுத்து மடுவில் எறிந்தான்.

கிளை கொஞ்சநேரம் சும்மா மிதந்தது. பிறகு மெதுவாக அருவியை நோக்கி நகர்ந்தது. கரையை நோக்கி வரவில்லை, கவனியுங்கள். விழுகிற தண்ணீர்ப் பக்கமாகவே போயிற்று. போய், ஒரு நொடியில் உள்ளே இழுக்கப்பட்டுக் காணாமல் போயிற்று. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். இருபது எண்ணியும் மேலே வரவில்லை.

இந்த வேடிக்கையில் நாங்கள் எல்லாரும் மடுவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டையைக் கழற்றிய பேரன், தாத்தா சொல்லிவிட்டாரே என்று, ஓரத்துப் பாறையில் காலை வைத்திருக்கிறான். பாசி. 'ஐயோ' என்று மகள் கத்தியபோது அவன் இடுப்பு வரை தண்ணீரில் இருந்தான். அந்த இளைஞன்தான் குப்புற விழுந்து அவன் கையைப் பிடித்தான். மாப்பிள்ளை இளைஞனின் காலைப் பிடித்தார். நான் எண்ணெய்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவ்வளவுதான். பத்து விநாடிகூட இருக்காது. பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். பாறையில் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே, "தாத்தா, உள்ளே யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது" என்றான். அந்த வார்த்தை இன்னும் சில ராத்திரி என்னை எழுப்பிவிடுகிறது.

நான் அந்த இளைஞனுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நாங்களே இந்த இடத்தில் குளிப்பதில்லை, சாச்சாஜி. அதோ, அந்த வளைவுக்கு அப்பால், மாடுகள் இறங்குகிற இடத்தில்தான் குளிப்போம்" என்று கையைக் காட்டினான். ஆற்றோரம் வாழ்கிறவனின் அறிவு அது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் கணக்கு எங்கே தப்பாயிற்று?

குற்றாலத்தில் மேலிருந்து வரும் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. சுமார் 60 மீட்டர் உயரப் பேரருவியின் இடையிலே பொங்குமாங்கடல் என்ற பள்ளம் இருக்கிறது. 19 மீட்டர் ஆழம் என்று சொல்வார்கள். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகத்தை அங்கே தொலைத்துவிட்டு, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. நாம் நிற்பது தரையில், பிடித்துக்கொள்ளக் கம்பி, பார்த்துக்கொள்ளப் போலீஸ். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளிக்கிற இடம் என்பதால் எல்லாம் பழகியிருக்கிறது. தசத்தில் விழுகிற தண்ணீர் நேரே அடியில் உள்ள மடுவைக் குடைகிறது. ஆண்டாண்டு காலமாகக் குடைந்து குடைந்து ஆழமாக்கியிருக்கிறது. விழுந்த தண்ணீர் அடியாக வெளியே போக, மேல்தண்ணீர் அருவியை நோக்கித் திரும்புகிறது. குளிர்காலத்தில் மேலே அமைதியாகத் தெரிவதால் நம்பி இறங்குகிறார்கள். பலர் அப்படி அங்கே உயிர் விட்டிருக்கிறார்கள்.

சரி, குற்றாலமாவது நான் நினைத்துக்கொண்டிருக்கிற குற்றாலமாக இருக்கிறதா? எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ல் தடை போட்டது. என் எண்ணெய்ப் புட்டிக்குக் குற்றாலத்திலேயே இடமில்லை! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழையால் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். செய்தியைப் படித்தபோது நெஞ்சு பதைத்தது. நான் பேரனுக்குச் சொல்லிவந்த குற்றாலம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்தது. அதை வைத்து நான் இன்னோர் ஊர் ஆற்றை அளந்தேன்.

நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களிடம் இந்தக் குறை உண்டு என்று நினைக்கிறேன். சாப்பாடு, கோயில், மழை, ஆறு என்று எதைப் பார்த்தாலும் 'எங்கள் ஊரில் இப்படி' என்று ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். சாப்பாட்டில் அதனால் பெரிய நஷ்டமில்லை. தண்ணீரில் உயிர் போகும்.

இதில் வெட்கம் என்னவென்றால், இதே பாடத்தை நாம் மற்றவர்களுக்கு நடத்துகிறவர்கள். எண்பதுகளில் என் பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். காளி கோயில் தரிசனம் முடிந்ததும், ஆதிகங்கைத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, பெரிய கங்கைக்கே போக வேண்டும் என்றார். பாபு காட்டுக்கு அழைத்துப் போனேன். செம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிச் சேற்றைத் தாண்டிப் போய்விட்டார். அப்போது படகுக்காரர்கள் "பான் ஆஸ்சே! பான் ஆஸ்சே!" என்று கத்தினார்கள். பான் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கடல் ஏற்றத்தின்போது ஹூக்ளியில் எதிர்த்திசையில் சுவர்போல் எழும்பி வருகிற அலை. சில நாட்களில் ஆள் உயரத்துக்கு வரும். படகுகளையெல்லாம் கரையை விட்டு நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெரியப்பாவோ தாமிரபரணியில் நீச்சல் அடித்தவர். "ஆறாவது, மேல்நோக்கி வருவதாவது!" என்று நகரவே இல்லை. நான்தான் இறங்கிப் போய், வயதுக்கு மரியாதை பார்க்காமல், கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இரண்டு நிமிஷத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மோதிற்று.

அன்று இந்த ஊர்க்காரனாக நின்று பெரியப்பாவை இழுத்தேன். தசத்தில் நானே அந்தப் பெரியப்பா ஆகிவிட்டேன். அந்த முண்டா இளைஞன் என் இடத்தில் நின்றான். பாபு காட்டில் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்த உரிமை, தசத்தில் அவனுக்கு இருக்கிறதா இல்லையா?

ஆகவே என் கருத்து இது. ராஞ்சிக்குப் போவோம். திகாவே போதும் என்கிற கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆபத்து என்று சொல்லிப் பிள்ளைகளைக் காடும் மலையும் காட்டாமல் நாலு சுவருக்குள் வளர்த்தால், பெரியவர்களானதும் ஒன்றும் தெரியாமல் தனியாகப் போய் மாட்டிக்கொள்வார்கள். தவிர, காஞ்சி ஆறு சுவர்ணரேகாவில் கலந்து, ஜார்க்கண்ட், வங்காளம், ஒடிசா மூன்றையும் தொட்டு, நாம் வருஷா வருஷம் போகிற திகாவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கடலில் சேருகிறது. ஆற்றின் கடைசியை இத்தனை முறை பார்த்தோம். அது குதிக்கிற இடத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஆனால் குளிக்கிற கட்சியோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அருவியைப் பார்க்கப் போகிறோம், குளிக்கப் போகவில்லை என்று சுற்றறிக்கையிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட வேண்டும். "பெரியவர்கள் மட்டும்" என்ற சலுகையும் கூடாது. பெரியவர்கள்தான் முதலில் இறங்குகிறோம். சின்னவர்கள் பின்னால் வருகிறார்கள். இதற்கு என் வீட்டையே சாட்சி வைக்கிறேன். இரண்டு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ள வேண்டும். அருவிக்குப் போனதும் முதல் வேலையாக அங்கே நிற்கிற உள்ளூர் இளைஞர்களைக் கூப்பிட்டு, எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இந்தி நன்றாகத் தெரியும். அவர்களே கேட்டு நமக்குச் சொல்லட்டும்.

இன்னொன்று. புளியோதரையும் தயிர்சாதமும் நாம் கட்டிக்கொண்டு போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் தெர்மகோல் தட்டு வேண்டாம். லேக் மார்க்கெட் இலையே இருக்கிறது. கொண்டுபோன பிளாஸ்டிக் பையெல்லாம் திரும்ப ஹவுராவுக்கு வரவேண்டும். நம் வாசலில் ஓடுகிற ஆதிகங்கை என்ன கதியானது என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னோர் ஊர் ஆற்றுக்கு நாம் அந்த உபகாரத்தைச் செய்ய வேண்டாம்.

அங்கே நடந்ததை என் வீட்டம்மாவிடம் நான் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று அவள் மேலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் ரயிலில், சிராய்ப்பைப் பார்த்துக் கேட்டபோது, பேரனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எண்ணெய்ப் புட்டியைப் பையிலிருந்து எடுத்து, அவன் முழங்காலில் தடவிவிட்டு, தன் பையில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை.

சுற்றுலா என்று கேள்விப்பட்டதும் பேரன் தன் பெயரைக் கொடுத்துவிட்டான். அந்த அண்ணன் அங்கேயே இருப்பாரா என்று கேட்கிறான். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் எனக்குத் தரவேண்டாம். அது மாப்பிள்ளைக்கு இருக்கட்டும்.